பதினான்கு வயது காரை என்ன விலைக்குக் கொடுப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 14 வருடம் ஓடிய சின்ன பெட்ரோல் கார். 1,60,000 கிலோமீட்டர். இப்போது வைத்திருப்பவர் இரண்டாவது உரிமையாளர். இன்ஜினில் குறை இல்லை. ஏசி முன்போலக் குளிர்வதில்லை, பானட்டில் பெயிண்ட் வெளுத்திருக்கிறது, பின் பம்பரில் ஒரு கீறல். ஒரு டீலர் கேட்ட விலை, எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. அதற்கே கொடுத்துவிடுவதா, இல்லை ஏசியைச் சரிசெய்து, பெயிண்டும் அடித்து, நேரடியாக விற்பதா?

என் பதில்: டீலருக்கு இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். ஏசியில் கை வைக்க வேண்டாம். பெயிண்ட் அடிக்கவே வேண்டாம். மூன்று வாரம் நேரடியாக விற்றுப் பாருங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதுதான் கொஞ்சம் நீளம்.

முதலில், இந்தக் காருக்கு எந்த விலைக்குக் கீழே போகவே கூடாது என்று தெரிய வேண்டும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். காருக்கு அவ்வளவு கொடுத்துவைக்கவில்லை. ஆனாலும் செத்த காருக்கும் ஒரு விலை உண்டு. காயலான் கடைக்காரர் வண்டியை எடையாகப் பார்ப்பார். காரின் எடையில் பாதிக்கு மேல் இரும்பும் எஃகும்தான். அப்புறம் அலுமினியம், ஒயரில் இருக்கும் செம்பு, பேட்டரியில் இருக்கும் ஈயம். சைலன்சர் குழாயோடு இருக்கும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் சேர்த்துச் சில கிராம்தான் இருக்கும். அந்தச் சில கிராமுக்கே தனி விலை. அதனால்தான் அதைத் திருடுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். உங்களுடையது அதிகம் விற்ற மாடல் என்றால், எடைக்கு மேலேயும் கொஞ்சம் கிடைக்கும். கதவு, ஹெட்லைட், கியர் பாக்ஸ் என்று பிரித்து விற்கிறவர்களுக்கு ஓடும் வண்டி ஒரு கிடங்கு மாதிரி.

இரண்டு இடத்தில் போன் செய்து கேளுங்கள். பதிவுச் சான்றில் இருக்கும் எடையைச் சொல்லி, வண்டி ஓடும் நிலையில் இருக்கிறது, எந்தப் பாகமும் கழற்றப்படவில்லை என்று சொன்னால் ஒரு தொகை சொல்வார்கள். அவர்களே வந்து எடுத்துக்கொண்டு போவதாக இருந்தால் அதில் கொஞ்சம் கழியும். அந்தத் தொகையை ஒரு தாளில் எழுதி வையுங்கள். விற்கப்போவது அந்த விலைக்கு அல்ல. ஆனால் நாளை ஒருவர் வாசலில் நின்றுகொண்டு, "இதெல்லாம் இரும்பு விலைக்குத்தான் சார் போகும்" என்று சொல்லும்போது, இரும்பு விலை என்ன என்பது அவரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

மேல் எல்லையைக் கண்டுபிடிப்பது இதைவிடச் சிரமம். எல்லாரும் செய்கிற தவறு, விளம்பரங்களில் இருக்கும் விலையைச் சந்தை விலை என்று எடுத்துக்கொள்வது. அது கேட்கிற விலைதான். அதிலும் நம் கண்ணில் அதிகம் படுவது விற்காத வண்டிகளின் விலை. சரியான விலை போட்டவை நான்கு நாளில் போய்விடுகின்றன, ஆசை விலை போட்டவை இரண்டு மாதம் நிற்கின்றன. ஒரு நோட்டை எடுத்து, உங்கள் மாடல், அதற்கு முன்பின் இரண்டு வருடம், பத்து பன்னிரண்டு வண்டிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை பாருங்கள். எது சீக்கிரம் மறைகிறது, எது விலை குறைந்துகொண்டே வருகிறது என்று இரண்டு வாரத்தில் ஒரு வடிவம் தெரியும். வேகமாக மறைந்த வண்டிகள் என்ன விலை போட்டிருந்தனவோ, அதைவிடக் கொஞ்சம் கீழேதான் உண்மையான விலை.

இதைச் செய்யும்போது இன்னொன்றும் புரியும். மூன்று வயது காருக்கும் நான்கு வயது காருக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கும். 13 வயதுக்கும் 14 வயதுக்கும் கிட்டத்தட்ட ஒன்றும் இருக்காது. ஆனால் ஒரே வயது, ஒரே மாடல், இரண்டு வண்டி; ஒன்று மற்றதைவிட ஒன்றரை மடங்கு போகும். இந்த வயதில் வருடம் விலையைத் தீர்மானிப்பதில்லை, நிலைமைதான் தீர்மானிக்கிறது. விலைக் கணக்கு போட்டுக் கொடுக்கும் கருவிகள் பழைய வண்டிகளில் தடுமாறுவதும் இதனால்தான். அவற்றுக்கு வருடமும் கிலோமீட்டரும் தெரியும். போன வருடம் நீங்கள் கிளட்ச் மாற்றியது தெரியாது.

சரி, டீலர் ஏன் பாதி விலை கேட்டார்? அவரைத் திட்டுவதற்கு முன் அவர் கணக்கையும் பார்க்கலாம். நல்ல நிலையில் இருக்கும் இதே கார் வெளியில் 100-க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம் (இது ரூபாய் அல்ல, கணக்குக்காக ஒரு எண்; இனி நான் சொல்லும் விலைகள் எல்லாம் இந்த 100-ஐ வைத்துத்தான்). அவர் இடத்தில் இந்த வண்டி நிற்க ஆகும் வாடகை, விலை உயர்ந்த வண்டி நிற்க ஆகும் அதே வாடகைதான். கழுவுவது, விளம்பரம், காகித வேலை, ஆள் சம்பளம் எல்லாம் அதே. விலை உயர்ந்த வண்டியில் இந்தச் செலவு கடுகளவு. இந்தக் காரில் அதுவே 15, 20 ஆகிவிடும். விற்ற மறுவாரம் ஏதாவது உடைந்தால் வாங்கியவர் வந்து நிற்பது அவர் வாசலில். அந்த பயத்துக்கு ஒரு 10. லாபம் 15. ஆக 55-க்கு மேல் அவரால் கேட்க முடியாது. பேரம் பேச இடம் வேண்டும் என்று 45-ல் ஆரம்பிப்பார். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. உங்களுக்கு வேலை மிச்சம், அவருக்கு அதற்குக் கூலி. விலை உயர்ந்த வண்டியில் அந்தக் கூலி உறுத்தாது, மலிவான வண்டியில் பாதி விலையையே தின்றுவிடும்.

புது வண்டிக்கு எக்ஸ்சேஞ்ச் என்றால் கதை வேறு. பழைய வண்டிக்கு நல்ல விலை சொல்லிவிட்டு, புது வண்டியில் தர வேண்டிய தள்ளுபடியைக் குறைத்துவிடுவார்கள். எக்ஸ்சேஞ்ச் பேச்சையே எடுக்காமல் புது வண்டியின் கடைசி விலையை முதலில் எழுதி வாங்குங்கள். அப்புறம் பழையதைப் பற்றிப் பேசுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் பேசினால் எது எங்கே போனது என்று கடைசிவரை தெரியாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் அவர் இன்னும் இரண்டு பேரோடு பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதற்கு அந்த ஆய்வும் காரணம். அவர் சொன்னது எளிமையானது. வண்டி நல்லதா கெட்டதா என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் நல்ல வண்டிக்கான விலையைக் கொடுக்க மாட்டார். நல்லதும் கெட்டதும் கலந்த ஒரு சராசரி விலையைத்தான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மனமில்லாமல் ஒதுங்குவார். மிஞ்சுவது கெட்டவை. அதனால் சராசரி இன்னும் இறங்கும்.

உங்கள் கார் மாட்டிக்கொண்டிருப்பது அந்தக் கலப்பு மூட்டையில்தான். வாங்க வருகிறவர் உங்கள் காரின் விலையிலிருந்து தன் பயத்தைக் கழித்துக்கொண்டுதான் ஒரு தொகை சொல்கிறார். அந்த பயத்தைக் குறைத்தால் விலை தானாக ஏறும். பயத்தைக் குறைப்பதற்கு ஆகும் செலவு, காரை மேம்படுத்த ஆகும் செலவைவிட மிகக் குறைவு. நான் சொல்ல வந்தது மொத்தமும் இதுதான். கீழே வருவதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பது.

காகிதத்தில் ஆரம்பியுங்கள். சர்வீஸ் ரசீதுகளை எல்லாம் தேடி எடுத்து, தேதி வரிசையில் ஒரு ஃபைலில் போடுங்கள். எல்லாம் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. தேதியும் அன்றைய கிலோமீட்டரும் இருக்கும் ரசீதுகள்தான் தங்கம். 1,12,000-ல் பிரேக் பேட், 1,31,000-ல் கிளட்ச், 1,48,000-ல் ரேடியேட்டர் என்று வரிசையாக ஏறிக்கொண்டு போனால், ஓடோமீட்டரில் யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. உங்கள் இன்ஜினில் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பது டைமிங் பெல்ட்டா, செயினா என்று தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால், அதை மாற்றிய ரசீதைத்தான் விவரம் தெரிந்தவர் முதலில் கேட்பார். பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி, வண்டியின் விலையைவிட ரிப்பேர் செலவு பெரிதாகிவிடும். ரசீது இல்லையென்றால் மாற்றவே இல்லை என்றுதான் அவர் கணக்கு வைப்பார். அதில் தப்பும் சொல்ல முடியாது.

அடுத்து, வருகிறவர் பார்க்கப் போவதை அவருக்கு முன்னால் நீங்கள் பாருங்கள். குளிர்ந்த இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருக்கிறதா? குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரம் கோத்தும் அப்படி வரும், ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல் பாகத்துக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருந்தாலும் வரும். எது என்று மெக்கானிக்கிடம் கேட்டு வையுங்கள். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் மேல் எண்ணெய் மிதக்கிறதா? ஸ்டார்ட் செய்ததும் வரும் புகை நீலமா, அப்படியென்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வெள்ளையாக வந்து நின்றுவிட்டால் வெறும் நீராவி. இன்ஜின் சூடான பின்னும் நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே எரிகிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. டயர் தேயாமல் பட்டன் நன்றாக இருந்தாலும், அந்த எண்ணைப் பார்த்து வயதைக் கண்டுபிடித்து விலையைக் குறைக்கிறவர்கள் உண்டு. பேட்டரியை ஒரு மீட்டர் வைத்துப் பாருங்கள். வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான்.

டேஷ்போர்டில் இன்ஜின் லைட் எரிகிறது என்றால் ஒரு எச்சரிக்கை. விற்பதற்கு முந்தின நாள் ஸ்கேனர் வைத்து, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும் பழுதுக் குறியீட்டை அழித்து லைட்டை அணைத்துவிடுவது பழைய தந்திரம். குறியீட்டை அழித்தால், அந்தக் கம்ப்யூட்டர் செய்யும் சுய சோதனைகளும் 'இன்னும் முடியவில்லை' என்ற நிலைக்குப் போய்விடும். அவை மறுபடி முடிய சில நாள் ஓட வேண்டும். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களில் 2001-லிருந்தும் ஸ்கேனரைச் சொருகும் சோதனைப் பிளக் கட்டாயம். இப்போது உள்ளங்கை அளவு ஸ்கேனரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். சோதனைகள் ஒன்றும் முடியாமல் இருப்பதைப் பார்த்தால், "நேற்று அழித்திருக்கிறார்கள்" என்று ஒரு நொடியில் புரிந்துவிடும். அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார். லைட் எரிந்தால் எரியட்டும். குறியீடு என்ன என்று படித்து, காரணத்தை எழுதி வையுங்கள்.

இதில் நானே சூடு பட்டுக்கொண்ட கதை ஒன்று. ஒரு பழைய காரை விற்கும்போது, பேட்டரி கொஞ்சம் பலவீனமாக இருந்ததால், ஆள் வருவதற்கு அரை மணி முன்னால் ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு நிறுத்திவைத்தேன். வந்தவர் வணக்கம் சொன்னார், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார், பானட் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. "காலையிலேயே எங்கேயாவது போயிட்டு வந்தீங்களா?" என்றார். இல்லை, சும்மா ஓடவிட்டேன் என்றேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான். அப்புறம் அவர் இன்ஜினைக் கேட்கவில்லை, ரசீதைப் பார்க்கவில்லை. ஒரு அடிமட்ட விலையைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ கோளாறு, அதை மறைக்கிறான் என்று அவர் முடிவு செய்துவிட்டார். பேட்டரிக்குப் பயந்து நான் செய்தது, இன்ஜின் மேல் சந்தேகத்தை ஏற்றிவிட்டது. அடுத்த ஆளுக்குப் புது பேட்டரி போட்டு, வண்டியை இரவெல்லாம் நிறுத்திவைத்து, சாவியை அவர் கையிலேயே கொடுத்தேன். முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் ஆனது. பேரம் பத்து நிமிஷத்தில் முடிந்தது.

அப்படியானால் எதற்குச் செலவு செய்வது, எதற்கு வேண்டாம்? வண்டியை ஸ்டார்ட் ஆகாமல் நிறுத்தும் எதையும் சரிசெய்யுங்கள். ஓடாத வண்டி எவ்வளவு நல்ல வண்டியானாலும் இரும்பு விலையில்தான் பேச்சு ஆரம்பிக்கும். பல்பு, வைப்பர், ஹாரன், ஏறாத கண்ணாடி, திறக்காத டிக்கி மாதிரியான சில்லறை வேலைகளையும் முடித்துவிடுங்கள். தனித்தனியாக ஒன்றுமில்லை, ஆனால் நான்கு சின்னக் குறை கண்ணில் பட்டால், கண்ணில் படாத பெரிய குறை நாற்பது இருக்கும் என்று மனது கணக்குப் போட்டுவிடும். உள்ளே நன்றாகச் சுத்தம் செய்யுங்கள். ஆனால் வாசனை ஸ்பிரே வேண்டாம், ஈர நாற்றத்தை மறைக்கிறார்கள் என்று தோன்றும். இன்ஜினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டாம். 14 வயது இன்ஜின் பளபளத்தால் ஆயில் கசிவைத் துடைத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். தூசியை மட்டும் தட்டுங்கள்.

பெயிண்ட் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, செலவு செய்த அளவு விலையில் திரும்ப வராது. இரண்டு, பழைய காரில் ஒரு பாகம் மட்டும் புதுசாக மின்னினால் "இங்கே அடிபட்டிருக்கிறது" என்ற கேள்வி வரும். வெளுத்த பானட் வெயிலில் நின்றதைத்தான் சொல்கிறது. புது பானட் விபத்தைச் சொல்லும். பம்பர் கீறலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். புது டயரும் அப்படித்தான், சட்டப்படி ஓட்ட முடியாத அளவு தேய்ந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். பல நாடுகளில் அந்த வரம்பு 1.6 மில்லிமீட்டர்; டயர் பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு அந்த அளவைக் காட்டும்.

இப்போது உங்கள் ஏசி. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஏசி குளிரவில்லை என்று கேட்டதும் வாங்குபவர் மனதில் ஓடுவது கம்ப்ரசர். கம்ப்ரசர் என்றால் காரின் விலையில் 25 போய்விடும் என்று வைத்துக்கொள்வார், அதையே கழிப்பார். ஆனால் குளிராததற்குக் காரணம் ஒரு கசிகிற ஹோஸ் பைப்பாக இருக்கலாம், முன்னால் அடைத்த கண்டென்சராக இருக்கலாம், ஓடாத ஃபேனாக இருக்கலாம். ஒரு மெக்கானிக்கிடம் காட்டி, என்ன கோளாறு, சரிசெய்ய எவ்வளவு என்று அவர் கையால் எழுதி வாங்குங்கள். சரிசெய்ய வேண்டாம், அந்தச் சீட்டு போதும். அதில் 8 என்று இருந்தால், வாங்குபவர் 25-க்குப் பதில் 8-ஐக் கழிப்பார், கூட ஒரு இரண்டு மூன்று சேர்த்துக் கழித்தாலும் உங்களுக்கு 14 மிச்சம். சோதித்துச் சீட்டு வாங்க ஆகும் செலவு ஒன்றோ இரண்டோ. கம்ப்ரசரேதான் போயிருக்கிறது என்று சீட்டு சொன்னாலும் நஷ்டமில்லை, அவர் எப்படியும் அதைத்தான் நினைக்கப் போகிறார்.

பெரிய கோளாறு மாதிரி சத்தம் போடும் சின்னக் கோளாறுகள் பழைய காரில் நிறைய. வீல் பேரிங் தேய்ந்தால் வரும் உறுமல் கியர் பாக்ஸ் மாதிரியே கேட்கும். வால்வு கவர் கேஸ்கெட்டில் கசியும் ஆயில் வழிந்து இன்ஜினே அழுவது மாதிரி காட்டும். சைலன்சருக்கு மேல் இருக்கும் தகடு ஒரு திருகு கழன்று ஆடினால், அடியில் ஏதோ உடைந்துவிட்டது போலச் சத்தம். இப்படிப்பட்டவற்றை மட்டும் காசு கொடுத்துச் சரிசெய்வதில் லாபம் உண்டு. வெறுமனே பழுதாக இருப்பதைவிட, பழுது எது என்று தெரியாமல் இருப்பதற்குத்தான் அதிகம் கழிக்கிறார்கள்.

விளம்பரம் எழுதும்போது குறைகளை நீங்களே எழுதுங்கள். பம்பர் கீறலுக்கும் வெளுத்த பானட்டுக்கும் கிட்டத்தில் எடுத்த படம் போடுங்கள். இதனால் சிலர் வராமல் போவார்கள். போகட்டும், அவர்கள் நேரில் வந்து அதையே காட்டி விலையைக் குறைக்கப் போகிறவர்கள். கிலோமீட்டர், எத்தனையாவது உரிமையாளர், இன்ஷூரன்ஸ் எதுவரை, அடுத்த தகுதிச் சோதனை எப்போது, கடைசியாக என்னென்ன மாற்றியது, இவ்வளவு போதும். "பொக்கிஷம் மாதிரி வைத்திருந்தேன்" என்று எழுதாதீர்கள், எல்லாரும் எழுதுகிறார்கள். "அவசர விற்பனை" என்பதும் வேண்டாம், அந்த இரண்டு வார்த்தைக்கே 10 போய்விடும்.

என்ன விலை போடுவது? உங்கள் நோட்டில் வந்த உண்மையான விலைக்கு மேல் பத்து சதவீதம், அதற்கு மேல் வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும் வண்டி 100 என்றால், உங்கள் ஏசியையும் பானட்டையும் கழித்து 85 என்று நினைக்கிறேன்; விளம்பரத்தில் 93 போடலாம். 120 போட்டு 85-க்கு இறங்கலாம் என்ற யோசனை மலிவான வண்டியில் நடக்காது. இந்த விலையில் வாங்குகிறவர் கையில் இருப்பதே அவ்வளவுதான், 120-ஐப் பார்த்தால் போனே செய்ய மாட்டார்.

போனில் "கடைசி விலை என்ன?" என்று கேட்பார்கள். பத்துப் பேரில் ஏழு பேர். ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் நேரில் வரும்போது பேரம் அதிலிருந்து ஆரம்பிக்கும். "வண்டியைப் பாருங்கள், பிடித்தால் பேசலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பார்க்காமல் விலை பேசுகிறவர் பெரும்பாலும் வாங்கி விற்கிறவர்.

நேரில் இரண்டு பேராக வந்தால், ஒருவர் சிரித்துப் பேசுவார், இன்னொருவர் வண்டியைச் சுற்றி வந்து உச்சுக் கொட்டுவார். உச்சுக்கு உச்சு பதில் சொல்ல வேண்டாம். முழுக்கச் சொல்லி முடிக்க விடுங்கள். முடித்ததும், "சரி, இவ்வளவையும் கணக்கில் எடுத்து நீங்கள் என்ன கொடுப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்த மௌனம் சங்கடமாகத்தான் இருக்கும். அதை உடைக்க நீங்களே விலையைக் குறைத்துவிடாதீர்கள். அவர் சொன்ன தொகை உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் ஒரே ஒருமுறை மட்டும் இறங்குங்கள், அதையும் ஒரு நிபந்தனையோடு: இன்றைக்கே பணம் என்றால் இவ்வளவு.

விளம்பரம் போடுவதற்கு முன் ஒருவரிடம் கட்டாயம் கேளுங்கள்: உங்கள் வண்டியை வழக்கமாகப் பார்க்கிற மெக்கானிக். அவருக்கு இந்தக் காரின் ஜாதகமே தெரியும், அவர் கழிக்க வேண்டிய பயம் எதுவும் இல்லை. அவரே வாங்குவார், அல்லது "நல்ல பழைய வண்டி ஒன்று சொல்லுங்கள்" என்று அவரிடம் சொல்லிவைத்தவர் ஒருவர் இருப்பார். ஓட்டிப் பழக வாங்குகிறவர், வீட்டுக்கு இரண்டாவது வண்டி தேடுகிறவர் எல்லாம் இப்படித்தான் வருவார்கள். சொந்தக்காரருக்கு விற்பதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அடுத்த வருடம் கியர் பாக்ஸ் போனால் ஒவ்வொரு விசேஷத்திலும் அந்தப் பேச்சு வரும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் 60-க்குக் கொடுத்துவிட்டு, அதை உதவி என்று மனதில் எழுதிக்கொள்ளுங்கள்.

காத்திருப்பதற்கும் விலை உண்டு. இன்ஷூரன்ஸ் ஓடுகிறது, நிற்கும் வண்டியில் பேட்டரி இறங்குகிறது, டயர் தட்டையாகிறது. முதல் வாரத்தில் வருகிற அக்கறையான ஆள் சொல்லும் விலைதான் பல நேரம் கடைசிவரை சிறந்த விலையாக இருக்கும். 85 நினைத்து ஒருவர் 80 சொன்னால் விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரத்தில் யாருமே நேரில் வரவில்லையென்றால் விலை தப்பு. ஒரேயடியாக எட்டு பத்து சதவீதம் இறக்குங்கள், வாரம் ஒன்றாக இறக்கினால் பார்க்கிறவர்கள் இன்னும் இறங்கும் என்று காத்திருப்பார்கள். மூன்றாவது வாரமும் ஒன்றும் நடக்காவிட்டால், அந்த டீலர் உட்பட மூன்று டீலரிடம் ரசீது ஃபைலோடும் ஏசி சீட்டோடும் போங்கள். 45 சொன்னவர் 55 வரை வருவார் என்பது என் கணிப்பு.

ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும்போது நீங்களும் கூட உட்காருங்கள். இடையில் இறங்கினால் சாவியோடு இறங்குங்கள். பணம் அனுப்பிவிட்டேன் என்று போனில் காட்டும் படத்தை நம்ப வேண்டாம், உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். பேசியதைவிட அதிகமாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பிக் கொடுங்கள் என்று யாராவது சொன்னால் அது மோசடி, பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உரிமை மாற்றம் பதிவாகும்வரை அபராதம், விபத்து எல்லாம் உங்கள் பெயரைத் தேடித்தான் வரும். ஆகவே வண்டியைக் கொடுத்த தேதி, நேரம், அன்றைய கிலோமீட்டர், 17 எழுத்து சேஸிஸ் எண், சொன்ன குறைகள், வாங்கிய தொகை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்திட்டு, ஆளுக்கு ஒரு பிரதி. ஏசி குளிராது என்று அதில் இருந்தால், அடுத்த மாதம் ஏசிக்காக வரும் போனுக்கு நீங்கள் பதில் தேட வேண்டியதில்லை.

சாவியைக் கொடுப்பதற்கு முன் சீட்டுக்கு அடியில் ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள். டேஷ்போர்டு பெட்டியில் இருக்கும் பழைய காகிதங்களை எடுத்துவிடுங்கள், அவற்றில் உங்கள் முகவரி இருக்கும். ஸ்டீரியோவில் ப்ளூடூத் இருந்தால் உங்கள் போனை அதிலிருந்து அழித்துவிடுங்கள். நம்மில் பலரும் மறப்பது அதைத்தான், வீட்டில் எல்லாருடைய எண்ணும் அதற்குள் உட்கார்ந்திருக்கும்.